வாட்ச் நைட் சர்வீஸ்: டிசம்பர் 31 நள்ளிரவில் தேவாலயங்கள் விழித்திருப்பது ஏன்? 1862-ல் அந்த இரவில் என்ன நடந்தது?

டிசம்பர் 31, இரவு 11.50 மணி. தெருவில் பைக் சத்தம். ஏதோ ஒரு மொட்டைமாடியில் பாட்டு. பொறுமை இல்லாத யாரோ முன்கூட்டியே பட்டாசு கொளுத்திவிட்டார்கள். அதே நேரத்தில், பக்கத்துத் தெருவில் உள்ள தேவாலயத்துக்குள் புதுத்துணி உடுத்திய ஒரு கூட்டம் சத்தமில்லாமல் முழங்காலில் நிற்கிறது. பாட்டிமார்கள் இருக்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், அம்மா தோளில் தூங்கிப்போன குழந்தைகளும் இருக்கிறார்கள். 12 அடித்ததும் மணி ஒலிக்கிறது. எல்லோரும் எழுந்து கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதை ‘வாட்ச் நைட் சர்வீஸ்’ என்று சொல்வார்கள். சில இடங்களில் ‘ஆண்டு இறுதி ஆராதனை’, ‘புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை’ என்ற பெயர்களும் உண்டு. வருஷா வருஷம் போகிறவர்களுக்கே கூட இந்த ராத்திரி வழிபாடு எங்கே தொடங்கியது, யார் தொடங்கினார்கள் என்பது பெரும்பாலும் தெரியாது.

இந்த வழிபாட்டின் வரலாற்றில் மறக்கவே முடியாத ஒரு இரவு இருக்கிறது. 1862, டிசம்பர் 31. அன்று அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் விழித்திருந்தது காலண்டர் மாறுவதற்காக மட்டும் இல்லை. விடிந்தால் சட்டப்படி தாங்கள் மனிதர்களா, இன்னொருவரின் சொத்தா என்பது தெரிந்துவிடும் என்று காத்திருந்தார்கள்.

அந்த இரவின் கதையையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் விரிவாகப் பார்க்கலாம்.

‘வாட்ச்’ என்றால் கைக்கடிகாரமா?

இல்லை. 12 மணியை எதிர்பார்த்து நடப்பதால் ‘வாட்ச்’ என்றதும் கடிகாரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்குக் காவல் காப்பது, தூங்காமல் விழித்திருப்பது என்று பொருள்.

நம்ம ஊரிலும் இரவை ஜாமங்களாகப் பிரிக்கும் வழக்கம் இருந்ததே, அதே கணக்குதான். பழைய காலத்தில் ஊர் மதில் மேல் நின்று ஜாமத்துக்கு ஒருவர் காவல் காப்பார். தமிழ் பைபிளில் அவருக்கு ‘ஜாமக்காரன்’ என்று பெயர். எதிரி வந்தாலும் சரி, விடிந்தாலும் சரி, ஊருக்கு முதலில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்த ஜாமக்காரனைப் போல விழித்திருந்து ஜெபிக்கும் இரவு என்பதால்தான் இந்தப் பெயர்.

இரவு முழுக்க விழித்து ஜெபிப்பது கிறிஸ்தவத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு அப்படிப்பட்டதுதான். அந்தப் பழக்கம் வருடக் கடைசி இரவோடு சேர்ந்த கதை 18-ம் நூற்றாண்டில் தொடங்குகிறது.

தொடக்கம்: ஜெர்மனியில் அகதிகளின் ஊர்

இன்றைய ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சின்ன ஊர். மத ஒடுக்குமுறைக்குப் பயந்து மொரேவியா பகுதியிலிருந்து ஓடிவந்தவர்கள், 1722-ல் சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் நிலத்தில் அதை உருவாக்கினார்கள். இவர்களைத்தான் ‘மொரேவியர்கள்’ என்கிறார்கள். வருடத்தின் கடைசி இரவில் கூடி விழித்திருக்கும் வழிபாட்டை இவர்கள் 1733-ல் நடத்தியதாக வரலாறு சொல்கிறது.

மொரேவிய சபைகளில் அந்த இரவுக்கு இரண்டு தனி அடையாளங்கள் உண்டு. முதலாவது, அந்த வருடம் சபையிலும் உலகத்திலும் நடந்த முக்கிய நிகழ்வுகளை ஒரு அறிக்கையாக எழுதி எல்லோர் முன்பும் வாசிப்பது. இரண்டாவது, 12 மணி ஆனதும் போதகர் பிரசங்கத்தின் நடுவில் இருந்தாலும் சரி, ஊதுகுழல் இசைக்குழு சட்டென்று வாசிக்கத் தொடங்கிவிடும். பிரசங்கம் பாதியில் நிற்கும், புது வருடம் பிறந்துவிடும்.

இந்த ஊருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சின்சென்டார்ஃப் பள்ளிப்படிப்பு படித்தது ஹாலே நகரில். தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கும் ஹாலேயில் படித்தவர்தான். மொரேவியர்களே 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். ஆனால் அந்த முயற்சி இங்கே நிலைக்கவில்லை.

சாராயக்கடை இரவு ஜெப இரவான கதை

அடுத்த கட்டம் இங்கிலாந்தில். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1735-ல் அமெரிக்காவுக்குக் கப்பலில் போனபோது மொரேவியர்களைச் சந்தித்தார். நடுக்கடலில் புயல் அடித்தது. மற்றவர்கள் அலறியபோது மொரேவியர்கள் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தது அவரை அசைத்துவிட்டது. 1738-ல் ஹெர்ன்ஹூட்டுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதி இருந்தது. அங்கே தொழிலாளர்களுக்கு வாரக் கூலி கைக்கு வந்ததும் சனிக்கிழமை இரவு மதுக்கடையில்தான் கழியும். வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்டு மாறியவர்கள், குடித்துக் கழித்த அந்த இரவு நேரத்தை ஜெபத்துக்கும் பாட்டுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

‘ராத்திரியில் என்ன கூட்டம்? இதை நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று வெஸ்லியிடம் சிலர் போய்ச் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை. ஆதி கிறிஸ்தவர்களின் விழிப்பு இரவு போலத்தான் இதுவும் என்று சொல்லி, மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனார். 1742 ஏப்ரல் 9-ல் லண்டனில் முதல் வாட்ச் நைட் நடந்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

தேதியைப் பாருங்கள். ஏப்ரல்! அப்போது இது வருடக் கடைசிக்கான வழிபாடு கிடையாது. மாதம் ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமையில் நடக்கும். காரணம் ரொம்ப எளிது. தெருவிளக்கு இல்லாத காலம். நள்ளிரவில் கூட்டம் முடிந்து தூரத்து ஊர்களுக்கு நடந்து போகிறவர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டும்.

காலப்போக்கில் மாதாந்திர வழக்கம் குறைந்து, டிசம்பர் 31 இரவு மட்டும் நிலைத்துவிட்டது. அன்று இரவு மற்றவர்கள் குடித்துக் கொண்டாடும்போது தேவாலயத்தில் விழித்திருப்பது மெதடிஸ்டுகளின் அடையாளமாகவே மாறியது.

இதோடு சேர்ந்த இன்னொரு வழிபாடு ‘உடன்படிக்கை ஆராதனை’. கடவுளோடு செய்த உடன்படிக்கையை எல்லோரும் சேர்ந்து புதுப்பித்துக்கொள்ளும் வழிபாடு இது. 1755 ஆகஸ்டில் லண்டனில் வெஸ்லி நடத்தியபோது சுமார் 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் சொன்னார்கள். பிறகு இதுவும் புத்தாண்டோடு சேர்ந்துகொண்டது.

ஜனவரி 1: அடிமைகளுக்கு அழுகை நாள்

மெதடிஸ்ட் இயக்கத்தோடு வாட்ச் நைட்டும் கடல் கடந்து அமெரிக்கா போனது. அடிமை முறையைக் கண்டித்து வெஸ்லி 1774-லேயே தனி நூல் எழுதியவர். ஆனால் அமெரிக்காவில் அடிமை முறை ஒழியவில்லை. தேவாலயத்துக்குள்ளும் நிறவேற்றுமை இருந்தது. பிலடெல்பியாவில் வெள்ளையர்களின் மெதடிஸ்ட் தேவாலயத்தில் அவமதிக்கப்பட்டு வெளியேறியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன், 1794-ல் பெத்தேல் தேவாலயத்தைத் தொடங்கினார். 1816-ல் ‘ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோபல்’ என்ற தனிச் சபையே உருவானது. வாட்ச் நைட் வழக்கம் அங்கேயும் தொடர்ந்தது.

அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு டிசம்பர் 31 இரவு வேறு ஒரு காரணத்துக்காகவும் தூக்கம் வராத இரவு. அது என்ன?

தென் மாநிலங்களில் ஜனவரி 1 என்பது கணக்கு முடிக்கும் நாள். கடனை அடைக்க முதலாளிகள் அடிமைகளை விற்பார்கள். இன்னொரு தோட்டத்துக்கு ஒரு வருடத்துக்கு வாடகைக்கு அனுப்புவதும் அன்றுதான். இதை ‘வாடகை நாள்’ என்றும், ‘நெஞ்சு உடையும் நாள்’ என்றும் சொன்னார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ், 1861-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் இந்த நாளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தாய் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்து அனுப்பப்படுவதை அவர் கண்ணால் பார்த்தவர்.

அப்படியானால் டிசம்பர் 31 இரவு என்பது பல குடும்பங்கள் ஒரே குடிசையில் சேர்ந்திருந்த கடைசி இரவு. விடிந்தால் யார் யாரோடு இருப்பார்கள் என்று தெரியாது. புத்தாண்டு என்ற சொல்லே அவர்களுக்குப் பயத்தைத் தந்தது.

லிங்கன் வைத்த 100 நாள் கெடு

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமை முறையைக் காப்பாற்ற நினைத்த தென் மாநிலங்கள் பிரிந்துபோயின. 1862 செப்டம்பர் 17-ல் ஆன்டீடம் போரில் தென்படை பின்வாங்கியது. ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 22-ல், அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஒரு முன்னறிவிப்பு வெளியிட்டார்.

அதன் சாரம் இதுதான்: 1863 ஜனவரி 1-ம் தேதிக்குள் கலகம் செய்யும் மாநிலங்கள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பகுதிகளில் உள்ள அடிமைகள் அனைவரும் அன்று முதல் என்றென்றைக்கும் சுதந்திரமானவர்கள்.

ஏறக்குறைய 100 நாள் கெடு. ஆனால் அந்த 100 நாளும் டென்ஷன்தான். லிங்கன் பின்வாங்கிவிடுவாரோ, கடைசி நேரத்தில் சமரசம் ஆகிவிடுமோ என்ற பயம் கறுப்பினத் தலைவர்களுக்கே இருந்தது. அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பித்து, பெரும் பேச்சாளராக உயர்ந்த ஃப்ரெட்ரிக் டக்ளஸும் அந்தச் சந்தேகத்தைப் பிறகு வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

ஒரு விஷயம் கவனிக்கணும். கெடு முடியும் தேதி ஜனவரி 1. எந்த நாளை நினைத்து அடிமைக் குடும்பங்கள் நடுங்கினவோ, அதே நாள்.

1862 டிசம்பர் 31 இரவு

அன்று இரவு வட மாநிலங்களின் கறுப்பினத் தேவாலயங்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வழக்கமான வாட்ச் நைட்தான். ஆனால் இந்த முறை காத்திருப்பதற்குத் தெளிவான ஒரு காரணம் இருந்தது. அந்த இரவுக்கு ‘சுதந்திரத்தின் முந்தைய இரவு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தெற்கில் நிலைமை வேறு. அடிமைகள் கூட்டம் கூடுவதே ஆபத்து. தோப்புகளிலும் பள்ளங்களிலும் ரகசியமாகக் கூடி, சத்தம் வெளியே கேட்காமல் ஜெபிக்கும் வழக்கம் அவர்களிடம் முன்பிருந்தே உண்டு.

தலைநகர் வாஷிங்டனில் ஒரு முகாம் இருந்தது. தென்பகுதியிலிருந்து தப்பி வடபடையிடம் வந்து சேர்ந்தவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். இவர்களை அப்போதைய அரசாங்கம் ‘போரில் கைப்பற்றிய சரக்கு’ என்று பொருள்படும் பெயரால்தான் அழைத்தது. மனிதர்களுக்குச் சட்டம் கொடுத்திருந்த இடம் அவ்வளவுதான்.

அந்த முகாமிலும் இரவு முழுக்கப் பாட்டும் ஜெபமும் நடந்தன. ஒருவர் எழுந்து பேசினார். மறுநாள் தன் மகளை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்து ஒரு ராத்திரி முழுக்க அழுததை நினைவுகூர்ந்தார். இனிமேல் மனைவியையும் பிள்ளையையும் யாரும் விற்க முடியாது என்பதுதான் அவர் அந்தக் கூட்டத்தில் சொன்ன சாட்சி. அந்தக் கால நூலொன்றில் இது பதிவாகியிருக்கிறது.

12 மணி அடித்தது... ஆனா கையெழுத்து ஆகவில்லை!

பலரும் தவறவிடும் ஒரு தகவல் இது. நள்ளிரவு 12 மணிக்கு லிங்கன் கையெழுத்துப் போட்டு, உடனே மணி ஒலித்தது என்ற மாதிரிதான் கதை சொல்லப்படுகிறது. உண்மையில் நடந்தது வேறு.

ஜனவரி 1 காலையில் பிரகடனத்தின் இறுதிப் பிரதி லிங்கனிடம் வந்தது. வாசித்துப் பார்த்தார். முடிவுப் பகுதியில் வழக்கமாக வேறு வகை ஆவணங்களுக்குப் போடும் வாசகத்தைத் தவறாக எழுதியிருந்தார்கள். திருத்திக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குள் வெள்ளை மாளிகையில் புத்தாண்டு வரவேற்பு நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. சுமார் மூன்று மணி நேரம், வந்தவர்கள் எல்லோருக்கும் லிங்கன் கைகுலுக்கினார். மதியம் 2 மணி வாக்கில்தான் திருத்திய பிரதி கைக்கு வந்தது. பேனாவை எடுத்தால் கை நடுங்குகிறது. கையெழுத்து நடுங்கியிருந்தால், ‘தயங்கிக்கொண்டே போட்டார்’ என்று நாளைக்குச் சொல்வார்கள் என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, வழக்கமான சுருக்கக் கையெழுத்தாக இல்லாமல், தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.

விழித்திருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. நள்ளிரவு தாண்டி, விடிந்து, மதியமும் ஆகிவிட்டது. செய்தி இல்லை.

பாஸ்டனில் தந்திக்காகக் காத்திருந்த கூட்டம்

ஜனவரி 1 மாலை பாஸ்டன் நகரின் ட்ரெமான்ட் டெம்பிள் அரங்கத்தில் பெரிய கூட்டம். ஃப்ரெட்ரிக் டக்ளஸ் மேடையில் இருந்தார். தந்தி ஆபீசிலிருந்து மேடை வரை ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். செய்தி வந்தால் கைமாறி ஓடிவர வேண்டும் என்று ஏற்பாடு.

எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. பத்தும் ஆனது. பேச்சாளர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். யார் மனசும் பேச்சில் இல்லை. கூட்டத்தின் மேல் ஒரு இருள் கவியத் தொடங்கியது என்று டக்ளஸ் பிறகு எழுதினார். அப்போதுதான் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, தந்தியில் வந்துகொண்டிருக்கிறது என்று கத்தினார். அழுகையும் ஆர்ப்பரிப்பும் ஒன்றாகக் கேட்டன. நள்ளிரவில் அரங்கத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், கூட்டம் அப்படியே ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு நகர்ந்து கிட்டத்தட்ட விடியும் வரை பாடியது.

வாஷிங்டனில் இன்னொரு காட்சி. இஸ்ரேல் பெத்தேல் தேவாலயத்தின் போதகர் ஹென்றி மெக்நீல் டர்னர், பிரகடனம் அச்சான மாலைப் பத்திரிகையை வாங்க ஆபீஸ் வாசலில் நின்றார். முதல் பிரதியை வேறொருவர் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார். இரண்டாவது பிரதி இழுபறியில் கிழிந்து போனது. மூன்றாவதில், பிரகடனம் இருந்த பகுதி மட்டும் அவர் கைக்குக் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார். தேவாலயத்தை அடைந்தபோது மூச்சு வாங்கியதில் வாசிக்கவே முடியவில்லை. வேறொருவர்தான் வாசித்தார்.

எல்லோருக்கும் விடுதலை கிடைத்ததா?

அன்றே எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இதையும் தெரிந்துகொள்வது முக்கியம்.

• 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். பிரகடனம் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுதந்திரமானவர்கள் என்று அறிவித்தது.

• பிரிந்துபோகாமல் வடக்கோடு நின்ற டெலவேர், மேரிலாண்ட், கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்களுக்கு இது பொருந்தவில்லை. டக்ளஸ் பிறந்த மாநிலமே மேரிலாண்ட்தான்.

• கலக மாநிலங்களில் வடபடை போய்ச் சேர்ந்த பிறகுதான் சுதந்திரம் நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸின் கால்வஸ்டனில் 1865 ஜூன் 19-ல்தான் உத்தரவு அறிவிக்கப்பட்டது. அந்த நாள்தான் ‘ஜூன்டீன்த்’. 2021 முதல் அது அமெரிக்காவில் தேசிய விடுமுறை.

• நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்த 13-வது சட்டத்திருத்தம் 1865 டிசம்பர் 6-ல் உறுதியானது.

அப்படியிருந்தும் பிரகடனம் வெறும் காகிதமாக நிற்கவில்லை. கறுப்பினத்தவர் ராணுவத்தில் சேரலாம் என்று அது சொன்னது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 பேர் வடபடையில் சேர்ந்தார்கள். காத்திருந்தவர்களே களத்தில் இறங்கித் தங்கள் விடுதலையைப் பிடித்து இழுத்தார்கள் என்றே சொல்லலாம்.

உண்மை என்ன? வாட்ச் நைட் 1862-ல்தான் தொடங்கியதா?

ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் இரண்டு வகைச் செய்தி சுற்றும். ‘வாட்ச் நைட்டைத் தொடங்கியதே 1862-ல் அமெரிக்க அடிமைகள்தான்’ என்று ஒன்று. ‘அதெல்லாம் கட்டுக்கதை, இதற்கும் அடிமை ஒழிப்புக்கும் சம்பந்தமே இல்லை’ என்று இன்னொன்று.

இரண்டுமே பாதி உண்மைதான். வழிபாடு 1862-ஐ விட நூறு வருடத்துக்கும் மேல் பழசு. கறுப்பின மெதடிஸ்டுகளும் அதற்கு முன்பே நடத்தி வந்தார்கள். ஆனால் மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள் என்ற வேறுபாடு இல்லாமல் கறுப்பினத் தேவாலயங்கள் முழுக்க இது பரவி, தலைமுறை தாண்டி நிலைத்ததற்கு 1862-ன் நினைவு முக்கியக் காரணம்.

இன்றும் கேட்கும் அந்தக் கேள்வி

அமெரிக்காவின் பல கறுப்பினத் தேவாலயங்களில் இன்றும் நள்ளிரவு நெருங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. ‘ஜாமக்காரரே, இரவு எந்த நிலையில் இருக்கிறது?’ என்ற பொருளில் சபையார் கேட்பார்கள். ஒருவர் எழுந்து, நள்ளிரவுக்கு இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேள்வி, மறுபடியும் பதில். 12 மணியை முழங்காலில் நின்றபடி கடப்பதுதான் முறை.

மறுநாள் சாப்பாட்டில் காராமணி கட்டாயம் இருக்கும். ஆமாம், நம்ம வீட்டுச் சமையலில் வரும் அதே காராமணிதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பயறு அது. அரிசியோடு சேர்த்துச் சமைத்துச் சாப்பிட்டால் புது வருடம் நல்லபடியாக அமையும் என்பது நம்பிக்கை.

தமிழர்களிடம் எப்படி வந்தது?

வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட் மிஷனரிகள் 1814-ல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பணி செய்த ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார். மெதடிஸ்ட் வழிபாட்டு முறைகள் தமிழ் மண்ணில் கால் ஊன்றியது இந்த வழியில்தான்.

1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன் உள்ளிட்ட சபைகளோடு மெதடிஸ்டுகளும் ஒன்றாக இணைந்தார்கள். புத்தாண்டையொட்டி நடக்கும் உடன்படிக்கை ஆராதனையும் சி.எஸ்.ஐ. வழிபாட்டில் இடம்பெற்றது. இன்று சி.எஸ்.ஐ., லுத்தரன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று பெரும்பாலான சபைகளில் டிசம்பர் 31 இரவு வழிபாடு உண்டு.

முறை சபைக்குச் சபை கொஞ்சம் மாறும். பொதுவாக இரவு 10.30 அல்லது 11 மணி வாக்கில் தொடங்கும். கடந்த வருடத்துக்கு நன்றிப் பாடல்கள், சாட்சி, பாவ அறிக்கை, நள்ளிரவில் மௌனம் அல்லது முழங்கால் ஜெபம், பிறகு புத்தாண்டுச் செய்தி, பல இடங்களில் திருவிருந்து. அந்த வருடத்தில் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்களுக்கு அந்த மௌன நிமிஷங்கள்தான் மிகவும் கனமானவை.

தமிழ்ச் சபைகளில் எல்லோரும் எதிர்பார்ப்பது ‘வாக்குத்தத்த வசனம்’. அந்த வருடத்துக்கான ஒரு பைபிள் வசனத்தை அறிவிப்பார்கள். சில சபைகளில் ஆளுக்கொரு அட்டை எடுக்கச் சொல்வார்கள். அது வருடம் முழுக்க வீட்டுச் சுவரிலோ, பர்ஸிலோ இருக்கும். இதற்கு நெருங்கிய வழக்கம் ஒன்று ஹெர்ன்ஹூட்டிலும் உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் கொடுக்கும் முறையை மொரேவியர்கள் 1728-ல் தொடங்கி, 1731-ல் புத்தகமாக அச்சிட்டார்கள். இன்றும் அங்கே வசனங்களைச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தப் புத்தகம் வெளியாகிறது.

கத்தோலிக்கத் தேவாலயங்களிலும் உண்டா?

உண்டு, ஆனால் வரலாறு வேறு. கத்தோலிக்கத் திருச்சபையில் டிசம்பர் 31 மாலை, முடியும் ஆண்டுக்காக நன்றி வழிபாடு நடக்கும். வத்திக்கானில் போப் தலைமையில் நடப்பதும் இதுவே. ஜனவரி 1 என்பது ‘இறைவனின் தாய் மரியா’ பெருவிழா. 1968 முதல் அதே நாள் உலக அமைதி நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. வேளாங்கண்ணியிலும் சென்னை சாந்தோமிலும் நள்ளிரவுத் திருப்பலிக்குத் திரள்கிற கூட்டத்தை ஒவ்வொரு ஆண்டும் டிவி நேரலையில் பார்க்கலாம்.

வேறு நாடுகளிலும் இது பெரிய நிகழ்வுதான். நைஜீரியாவில் இதற்குப் பெயர் ‘கடந்து செல்லும் இரவு’. தென்கொரியத் தேவாலயங்களில், பழையதை வழியனுப்பிப் புதியதை வரவேற்கும் வழிபாடு என்ற பெயரில் நடக்கிறது. கானாவில் அந்த இரவில் போதகர்கள் சொல்லும் ‘தீர்க்கதரிசனங்கள்’ மக்களைப் பயமுறுத்துவதாகப் புகார் எழுந்ததால், 2021 டிசம்பரில் அந்நாட்டுப் போலீஸே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

ஓவியத்தில் நின்றுபோன நிமிஷம்

1862-ன் அந்த இரவை வில்லியம் டோல்மன் கார்ல்டன் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். அதன் ஒரு பிரதி வெள்ளை மாளிகையின் ஓவியத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு அறை நிறையக் கறுப்பின மக்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். நடுவில் ஒரு முதியவர் கையில் பெரிய கடிகாரம். எல்லோருடைய கவனமும் அதில்தான். முள் இன்னும் பன்னிரண்டைத் தொடவில்லை.

ஓவியத்தில் இருப்பவர்களுக்கு மறுநாள் மதியம் வரை கையெழுத்து ஆகாது என்பது தெரியாது. 13-வது திருத்தத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்பதும் தெரியாது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

வரும் டிசம்பர் 31 இரவு 11.55-க்கு ஏதாவது ஒரு தேவாலயத்தில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது, அந்த அஞ்சு நிமிஷ அமைதிக்குள் இத்தனை பேருடைய காத்திருப்பு இருக்கிறது.